செட்டிகுளத்தில் ஜித்தாக் கோழி

ஜித்தாவில் எட்டுப் பத்து வருசம் வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்புகிறவனுக்கு, வந்து இரண்டு மாதம் கழிய, ஏதோ ஒரு பின்னேரத்தில் ஒரு பசி எடுக்கும். சோறு, புட்டு, இடியப்பம் எதைப் போட்டாலும் அடங்காத பசி. அது பொரித்த கோழிப் பசி. அந்த நாட்டில் அதைப் புரோஸ்ட் என்பார்கள். வெளித்தோல் அப்பளம் போல நொறுங்கவேண்டும். உள்ளே இறைச்சி ஈரமாக இருக்கவேண்டும். தொட்டுக்கொள்ள வெள்ளைப்பூண்டு அரைத்து வெள்ளை வெளேரென்று உள்ளிச் சோஸ் வேண்டும். கொழும்புக்குப் போனால் கிடைக்கும். காத்தான்குடிக்குப் போனாலும் கிடைக்கும். வன்னிக்குள்ளேயே வேண்டுமென்றால், அந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரிந்து ஒரேயொரு இடந்தான். மதவாச்சி – மன்னார் வீதியில், செட்டிகுளம் சந்தி தாண்டி, அரிசி ஆலைக்கு அடுத்ததாகத் தகரக் கூரை போட்ட மஹ்றூப்பின் கடை.

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. மன்னாரிலிருந்து மீன் லொறி ஓட்டுகிறவர்களும், லீவில் வந்து நிற்கிற சவூதிக்காரரும் குவைத்துக்காரரும் ஒருவருக்கொருவர் போனில் சொல்லித்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். நேரியகுளத்திலிருந்து ஒருத்தர் மனைவி பிள்ளைகளை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஒரு தொடையைக் கடித்து, கண்ணை மூடிக்கொண்டு மென்றார். பிறகு உள்ளி கொஞ்சம் காணாது என்றார். போகும்போது மூன்று கோழி கட்டிக்கொண்டு போனார்.

இப்படி வருகிறவர்கள் வருவார்கள்தான். ஆனால் ஒரு நாளைக்குப் பத்துக் கோழி, நல்ல நாளென்றால் பதினைந்து. அதை வைத்துக் கடை நிற்காது. இருபத்தைந்து போனால்தான் நிற்கும் என்பது மஹ்றூப்பின் கணக்கு.

மஹ்றூப்புக்கு நாற்பத்தொரு வயது. செட்டிகுளத்துக்குப் பக்கத்தில் பிறந்தவன். ஆறு வயதில் வாப்பா உம்மாவோடு இடம்பெயர்ந்து புத்தளம் போனான். அங்கே ஓலைக் கொட்டில் முகாமில் வளர்ந்தான். அங்கேயே கலியாணம் முடித்தான். பிறகு பதினொரு வருசம் ஜித்தாவில் ஒரு புரோஸ்ட் கடையில் எண்ணெய்க்கு முன்னால் நின்றான். போன வருசம் திரும்பி வந்து, வாப்பாவின் காணியில் பற்றையை வெட்டி, கொழும்பில் கடையை மூடிய ஒருவரிடமிருந்து கோழி பொரிக்கிற பழைய பிரஷர் மெசின் ஒன்றை வாங்கி இந்தக் கடையைப் போட்டான். வீடு என்று தனியாக ஒன்றும் இல்லை. கடைக்குப் பின்னால் ஒரு அறையும் குசினியும்.

மனைவி ஸஹ்றாவும் இரண்டு பெண்பிள்ளைகளும் புத்தளத்தில்தான் இருந்தார்கள். ஸஹ்றா அந்த முகாமிலேயே பிறந்தவள். வன்னி அவளுக்கு மாமனார் வாயால் கேட்ட இடம், அவ்வளவுதான். அவள் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. கடை ஓடுகிறது என்று தன் கண்ணால் கண்டால் தை மாதம் பிள்ளைகளைச் செட்டிகுளம் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம் என்றுதான் சொன்னாள். ஓடாவிட்டால் அவன் திரும்பவும் ஜித்தாவுக்குப் போகவேண்டும். அதற்கும் ஒரு தவணை இருந்தது. பழைய கபீல், ஜித்தாவில் அவனுக்கு விசா தந்து வைத்திருந்த முதலாளி, புது விசாவுக்கு ஆள் தேடுகிறார். மஹ்றூப்பைத்தான் முதலில் கேட்டார். ஆகஸ்ட் முடிய முதல் ஓம் அல்லது இல்லை என்று சொல்லவேண்டும். ஓம் என்றால் இன்னும் நாலு வருசம். மூத்தவள் றிப்காவுக்கு இப்போது பன்னிரண்டு. அவன் திரும்பி வரும்போது அவள் வளர்ந்த பெண்ணாகியிருப்பாள். முதல் பதினொரு வருசத்தில் அவன் அவளை நாலு தரந்தான் கண்டவன்.

ஸஹ்றா தானே ஒரு நாளைக் குறித்தாள். ஆகஸ்ட் பதினைந்து மடு மாதா திருநாள். அன்றைக்கு மடுவிலிருந்து திரும்புகிற சனம் முழுக்க அந்த வீதியால்தான் போகும். நாட்டின் எல்லாப் பக்கத்து பஸ்ஸும் வானும் வரும். பாடசாலை விடுமுறையும் கூட. அன்றைக்கு வருகிறேன் என்றாள்.

"திருநாளிலயும் ஓடாத கடை வேற எப்ப ஓடப்போகுது?" என்றாள். மஹ்றூப் நூறு கோழிக்குச் சொல்லிவைத்தான்.

நூறு கோழியைத் தனி ஆளாகச் செய்ய முடியாது. ஆனால் அவனுக்குப் பேச்சியம்மா இருந்தாள். கடையையும் அவளுடைய வீட்டையும் ஒரு கிடுகு வேலிதான் பிரித்தது. அவளுடைய தாய் தகப்பன் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குப் பயந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். அவள் இங்கேதான் பிறந்தாள். ஆனாலும் வாய் திறந்தால் தோட்டத்துப் பேச்சுத்தான், மஹ்றூப்பை மட்டும் முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி நானா என்பாள். சட்டி கழுவத்தான் முதலில் வந்தாள். அப்போது மஹ்றூப் பெரிய கரைச்சலில் இருந்தான். ஜித்தாவில் செய்த மாதிரியே எல்லாம் செய்தான். இரவு முழுக்க உள்ளியும் உப்பும் போட்ட தண்ணீரில் ஊறவிட்டான். கோதுமை மாவில் பிரட்டி, ஐஸ் தண்ணீரில் முக்கி, திரும்பவும் மாவில் பிரட்டினான். ஆனால் எண்ணெயில் போட்டதும் தோல் தனியாகவும் கோழி தனியாகவும் கழன்றது. பேச்சியம்மா இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள், கோழியை அவ்வளவு அவசரமாக எண்ணெயில் போட்டால் மா எப்படி ஒட்டும் என்று கேட்டாள். பிரட்டிய துண்டைத் தட்டில் பரப்பி, மாவின் வெள்ளை மங்கி ஈரம் தெரிகிறவரைக்கும் வைத்தாள். பிறகு இரண்டு கையாலும் எடுத்து ஒரு உதறு உதறினாள். அன்றிலிருந்து தோல் கழலவில்லை. ஜித்தாவில் குளிர் அறையில் தானாக நடந்த காரியம், இந்த வெக்கையில் ஒருவர் பொறுமையாக நின்று பார்த்தால்தான் நடக்கும் என்பது மஹ்றூப்புக்கு அப்போதுதான் விளங்கியது. ஜித்தாக் கோழி என்று சனம் தேடி வருவதில் பாதி பேச்சியம்மாவின் கை.

அவளுடைய புருசன் தங்கராசா லான்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு ட்ராக்டர் ஓட்டுகிறவர். ஆள் கதவு நிலை அளவுக்கு இருப்பார். ஒவ்வொரு பின்னேரமும் வேலிக்கு மேலால் தலையை நீட்டி, தூள் இருக்கா என்று கேட்பார். எண்ணெயில் உதிர்ந்த மாத்தூளைத்தான். அதைச் சோற்றில் போட்டுப் பிசைந்து சாப்பிட்டால் கறி தேவையில்லை என்பது அவருடைய கட்சி. மஹ்றூப் அதற்கென்றே ஒரு டின் வைத்திருந்தான்.

திருநாளுக்கு நாலு நாள் இருக்கும்போது பேச்சியம்மா வேலைக்கு வரவில்லை. மஹ்றூப் எட்டிப் பார்த்தான். அவளுடைய படலையில் பெரிய வேப்பங்கொத்து ஒன்று கட்டியிருந்தது. தங்கராசாவுக்கு அம்மாள் வருத்தம். ஊரில் கொப்பளிப்பான் என்றும் சொல்லுவார்கள். முகம், முதுகு, கால் எல்லாம் கொப்பளம் போட்டிருந்தது. வயது வந்தவருக்கு வந்தால் கடுமை. மனுசன் வேப்பிலை பரப்பிய பாயில் கிடந்தார்.

அம்மாள் வந்த வீட்டில் பொரிக்கக் கூடாது, தாளிக்கக் கூடாது. எண்ணெய் மணமே அண்டக் கூடாது. வருத்தம் ஆறி, தலைக்கு மூன்றாம் தண்ணி வார்க்குமட்டும் அப்படித்தான். இது மஹ்றூப்புக்குத் தெரியாத விசயமில்லை. எட்டு வயதில் புத்தளம் முகாமில் அவனுக்கும் அது வந்தது. அந்த வரிசையில் பதினாறு கொட்டில்கள். உம்மா ஒருவரிடமும் போய்க் கேட்கவில்லை. ஆனால் பதினாறு கொட்டிலிலும் பதினொரு நாளைக்கு ஒரு மீன் துண்டு பொரியவில்லை. அடுத்த கொட்டில்காரர் அவித்த மீனைத் தின்று தின்று நாக்குச் செத்துப்போனது என்று புறுபுறுத்தார். புறுபுறுத்தபடியே தின்றார்.

எல்லாம் தெரிந்தும் அன்றைக்கு மஹ்றூப் பொரித்தான்.

மன்னாரிலிருந்து ஒரு பிறந்தநாள் வீட்டுக்குப் பன்னிரண்டு கோழி கேட்டிருந்தார்கள். முதல்நாளே ஊறப்போட்டாயிற்று. அவன் மனதுக்குள் ஒரு வழி சொல்லிக்கொண்டான். தென்மேற்கிலிருந்து வருகிற சோளகக் காற்று பகல் முழுக்க அடித்தாலும், பொழுதுபட்டு மஃரிபுக்குப் பிறகு கொஞ்சம் விழும். பின்கதவைச் சாத்தி, புகை இழுக்கிற காற்றாடியையும் நிறுத்திவிட்டால் மணம் வெளியே போகாது. அப்படியே செய்தான். ஐந்தாவது கோழி போட்டபோது உள்ளே புகை நிறைந்து கண் தெரியவில்லை. இருமல் வந்தது. கதவைத் திறந்தான். இரண்டு நிமிசம் இருக்கும். அந்த இரண்டு நிமிசத்தில் காற்று எழும்பி, புகையை அப்படியே அள்ளிக்கொண்டு வேலிக்கு மேலால் போனது. அவன் பார்த்துக்கொண்டுதான் நின்றான்.

அடுத்த நாள் விடியப்புறம் பேச்சியம்மா வீட்டு வாசலில் ஓட்டோ ஒன்று நின்றது. தங்கராசாவுக்கு இரவு காய்ச்சல் ஏறி, பிதற்றத் தொடங்கிவிட்டார். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வளர்ந்தவர்களுக்கு வந்தால் மூன்றாம் நாள் இப்படித்தான் ஏறும், பயப்படத் தேவையில்லை என்று மருந்து கொடுத்து மத்தியானத்துக்குள் அனுப்பிவிட்டார்கள். பொரித்ததற்கும் காய்ச்சலுக்கும் தொடர்பில்லை என்று மஹ்றூப்பின் புத்தி சொன்னது. ஆனால் இரவு முழுக்க விழித்திருந்தது அவனில்லை, பேச்சியம்மா.

பின்னேரம் வேலியடிக்குப் போனான். பேச்சியம்மா கிணற்றடியில் துணி கசக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நேத்து நான் தெரிஞ்சுதான் பொரிச்சனான்" என்றான்.

அவள் துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். "நான் ஒண்ணும் சொல்லலீங்களே நானா. காத்துதான் வந்து சொல்லிட்டுப் போச்சு."

"இனி இஞ்ச பொரிக்கமாட்டன். அவருக்குத் தண்ணி வாக்குமட்டும் பொரிக்கமாட்டன்."

"திருநாளுக்கு நூறு கோழி சொல்லியிருக்கீங்க. அதையெல்லாம் அவிச்சா குடுக்கப்போறீங்க?"

அவள் சிரிக்கவில்லை. கேள்வியாகத்தான் கேட்டாள். வேறு இடம் பார்ப்பதாகச் சொன்னான். அவள் தன்னால் வர ஏலாது என்பதையும், இந்த வீட்டிலிருந்து ஒரு தட்டுக்கூட இப்போது வெளியே தரக் கூடாது என்பதையும் சொன்னாள். பிறகு, மாவை வெயிலில் வைக்கவேண்டாம், ஈரம் வந்ததைக் கண்ணால் பார்க்காமல் எண்ணெயில் போடவேண்டாம் என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு உள்ளே போனாள். உள்ளேயிருந்து தங்கராசாவின் குரல் கேட்டது. யார், கோழிக்கடைத் தம்பியா என்று கேட்டார். மஹ்றூப் ஓம் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தான்.

அன்று இரவு ஸஹ்றாவுக்குப் போன் எடுத்தான். பிள்ளைகள் வெளிக்கிடுகிற சந்தோசத்தில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கடையைப் பற்றிக் கேட்டாள். எல்லாம் ஆயத்தம் என்றான். இடம் மாறுவதைச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அவள் வராமல் விட்டுவிடுவாள் என்று பயந்தான்.

இடம் தேடி அடுத்த நாள் முழுக்க சைக்கிளில் அலைந்தான். வீதியோரம் இருக்கவேண்டும். வாகனம் நிற்க இடம் வேண்டும். சோளகம் அடித்தால் மணம் ஒரு வீட்டுக்கும் போகாமல் வயலுக்குள் போகவேண்டும். கடைசியில் மடுப் பக்கமாக முக்கால் மைல் தள்ளி விஜிதரனின் டயர் ஒட்டுகிற கடை அகப்பட்டது. முன்னால் பெரிய வெறுங்காணி. பின்னால் அறுத்துக் காய்ந்த வயல். விஜிதரன் முப்பது வயதுப் பொடியன். கேட்டதை முழுக்கக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"அண்ணை, நான் நல்லூர்த் திருவிழா முடியுமட்டும் மச்சம் மாமிசம் தொடுறேல்ல."

மஹ்றூப் சைக்கிளைத் திருப்பினான்.

"நில்லுங்கோ, நான் திங்கிறேல்ல எண்டுதான் சொன்னனான். நீங்கள் பொரிக்கிறதுக்கு எனக்கென்ன? நான் காத்து வாற பக்கமாக் கதிரையைப் போட்டுட்டு இருக்கிறன்."

காசு தருவதாகச் சொன்னதற்கு, நிற்கிற வாகனத்தில் பத்துக்கு ஒன்றுக்காவது டயரில் காற்றுக் காணாது, அது போதும் என்றான். அது உண்மையும்கூட. திருநாளென்றால் அவனுக்கும் நல்ல உழைப்பு.

பதினான்காம் திகதி மஹ்றூப் நித்திரை கொள்ளவில்லை. கோழியைக் கழுவி, எட்டாக வெட்டி, பெரிய நீலப் பிளாஸ்டிக் வாளிகளில் ஊறப்போட்டான். காஸ் சிலிண்டர், மெசின், மா மூட்டை, ஐஸ் பெட்டி எல்லாவற்றையும் வாடகை லான்ட்மாஸ்டர் ஒன்றில் ஏற்றினான். தறப்பாள் கட்டினான். கடைக் கதவை இழுத்துப் பூட்டி, அரிசி ஆலைக்காரரிடம் கரிக்கட்டி வாங்கி, கோழி விஜிதரன் டயர்க் கடையில் என்று பலகையில் எழுதிச் சாத்திவிட்டுப் போனான்.

காலை ஒன்பதரை மட்டில் மடுவிலிருந்து முதல் வான் வந்தது. நீர்கொழும்புக் குடும்பம். கோழியின் மணத்துக்கு நின்றார்கள். பிறகு ஒரு பஸ். பிறகு இரண்டு. பத்தரைக்கு வெறுங்காணியில் இடமில்லை. வாகனம் வீதிக்கரையில் வரிசையாக நின்றது. மஹ்றூப் நாலு மாதமாகக் கனவு கண்ட கூட்டம் வந்துவிட்டது. வந்த பிறகுதான் அவனுக்கு ஆள் பற்றாது என்பது முழுதாக விளங்கியது. மாவில் பிரட்டப் போனால் எண்ணெயில் கிடப்பது கருகும். எண்ணெயைப் பார்த்தால் மாத்தட்டு காலியாகும். சனம் கையை நீட்டிக்கொண்டு நிற்க, அவன் அவசரப்பட்டான். ஈரம் வருமுன் போட்டான். தோல் கழன்றது. ஒரு மனுசன் எலும்பைப் பிடித்துத் தூக்கிக் காட்டி, இதுதானா அந்தச் சவூதிக் கோழி என்று கேட்டார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். இரண்டு பேர் வரிசையை விட்டுப் போனார்கள். பிறகு நாலு பேர்.

ஸஹ்றா வந்த பஸ் அரிசி ஆலையடியில் நின்றபோது அவள் கண்டது பூட்டிய கதவைத்தான். றிப்கா பலகையை வாசித்துச் சொன்னாள். ஸஹ்றா இளையவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, பையையும் தூக்கிக்கொண்டு அந்த வெயிலில் முக்கால் மைலும் நடந்தாள். தறப்பாளுக்குக் கீழே வந்து நின்றபோது மஹ்றூப்பின் தலை, தாடி, புருவம் எல்லாம் மா. அவளைக் கண்டு அவன் கையில் இருந்த கிடுக்கியைக் கீழே வைத்தான்.

"கடையை மூடிட்டீங்களா?"

"இல்லை. அடுத்த வீட்டில அம்மாள் வருத்தம். அங்க பொரிக்க ஏலாது."

அவள் தறப்பாளைப் பார்த்தாள். டயர்க் குவியலைப் பார்த்தாள். வரிசையில் நின்ற சனத்தைப் பார்த்தாள்.

"அவங்க பொரிக்க வேணாமெண்டு சொன்னாங்களா?"

"சொல்லல்ல. பேச்சியம்மாக்கா சொல்ற ஆள் இல்லை."

"பொரிச்சிருந்தா என்ன செய்திருப்பா?"

"ஒண்டும் செய்திருக்கமாட்டா."

ஸஹ்றாவுக்கு அது விளங்கியது. அவளும் கிடுகுச் சுவர் முகாமில் வளர்ந்தவள்தான். பிள்ளைகளை விஜிதரனின் கதிரைக்குப் பக்கத்தில் நிழலில் இருத்திவிட்டு, அபாயாவின் கையை முழங்கைக்கு மேலே சுருட்டி, வாளித் தண்ணீரில் கை கழுவிக்கொண்டு மாத்தட்டுக்கு முன்னால் வந்து நின்றாள். என்ன செய்யவேண்டும் என்று கேட்டாள். அவன் அரை நிமிசத்தில் சொன்னான். மா, ஐஸ் தண்ணி, திரும்ப மா, பரப்பி வை, ஈரம் தெரியுமட்டும் விடு, உதறு.

முதல் தட்டில் அவள் மாவை அள்ளி அப்பினாள். துண்டுகள் சுண்ணாம்பு பூசிய கல்லுப் போலக் கிடந்தன. அவன் குறை சொல்ல வாயெடுத்தான். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். இரண்டாம் தட்டு பரவாயில்லை. நாலாம் தட்டில் அவளுக்குக் கை பிடிபட்டுவிட்டது. வரிசையில் நின்றவர்கள் அவசரப்படுத்தினால் அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மா ஈரமாகும்வரை நீங்களும் நில்லுங்கள் என்று சொல்லிவிட்டாள். மஹ்றூப்புக்கு அப்படிச் சொல்லத் தைரியம் வந்திருக்காது. சனமும் நின்றது. காத்திருந்து வாங்குவது நல்ல சாமானாகத்தான் இருக்கும் என்று சனம் நினைக்கும் போல. போன வரிசை பிறகு திரும்பி வந்து நீண்டது.

பன்னிரண்டரை மட்டில் நீர்கொழும்புப் பக்கத்து மீனவர் ஒருவர், கையில் செபமாலையோடு, ஒரு துண்டைக் கடித்துக்கொண்டே மெசினுக்குக் கிட்ட வந்தார். ஜித்தாவில் துறைமுகத்தில் ஆறு வருசம் நின்றவராம். எந்தக் கடையில் வேலை செய்தாய் என்று கேட்டார். மஹ்றூப் தெருவின் பெயரைச் சொன்னான். அவர் தலையை ஆட்டினார். அங்கே வெள்ளிக்கிழமைகளில் வரிசையில் நின்றிருக்கிறாராம். "அது இதைவிடக் கொஞ்சம் எண்ணெய்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். தன் வானில் இருந்த பதினெட்டுப் பேரையும் இறக்கிக்கொண்டு வந்தார்.

எல்லாக் கோழியும் போகவில்லை. மூன்று மணிக்குப் பிறகு வீதி வெறிச்சோடியது. பன்னிரண்டு கோழி வாளியில் மிஞ்சியது. காலையில் கழன்றுபோனது ஐந்தாறு கோழி இருக்கும். அதைத் தவிர மற்ற எல்லாம் போய்விட்டது. விஜிதரன் நாலு டயர் ஒட்டினான், காற்றடித்தது கணக்கில்லை. இளையவள் அவனுடைய கதிரையில் நித்திரையாகிப்போனாள். ஸஹ்றா மா மூட்டையில் சாய்ந்து இருந்துகொண்டு ஒரு தொடையைத் தின்றாள். அதுதான் அவள் அந்தக் கோழியை முதல்முதல் ருசி பார்ப்பது. அவன் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் எலும்பைச் சூப்பி முடித்தாள்.

"ஓடுற கடை எண்டு சொல்ல ஏலாது" என்றாள். "ஓடக்கூடிய கடை. ஆள்தான் காணாது."

அது ஓமா இல்லையா என்று அவனுக்கு விளங்கவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது. சாமான்களைக் கழுவி அடுக்கி, விஜிதரனிடம் தங்கராசாவுக்குத் தண்ணி வார்க்குமட்டும் இடம் வேண்டும் என்று பேசி முடித்துவிட்டு, நாலு பேருமாகக் கடைக்குத் திரும்பினார்கள். ஸஹ்றா குளித்துவிட்டு வெளியே வந்து, அடுத்த வீட்டுக்குப் போய்வருகிறேன் என்றாள். உள்ளே போகக் கூடாது என்று மஹ்றூப் சொன்னான். தனக்குத் தெரியும் என்றாள்.

வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்து அவனுக்குச் சத்தம் கேட்டது, பேச்சு முழுக்கக் கேட்கவில்லை. ஸஹ்றா படலைக்கு வெளியே நின்றாள். பேச்சியம்மா முற்றத்தில் நின்றாள். முதலில் தங்கராசாவின் காய்ச்சலைப் பற்றிப் பேசினார்கள். பிறகு பேச்சியம்மா மாவைப் பற்றிக் கேட்டாள் போல, ஸஹ்றா கையை உதறிக் காட்டினாள். அதற்குப் பேச்சியம்மா, அப்படி இல்லை என்று தன் கையை உதறிக் காட்டினாள். இரண்டு பேரும் வெறுங்கையை உதறிக்கொண்டு நின்றார்கள். பிறகு பேச்சியம்மாவின் மகள் அனோஜா வந்தாள். றிப்காவின் வயதுதான். பள்ளிக்கூடம் எத்தனை மணிக்குத் தொடங்கும், எந்த பஸ், கணக்குக்கு ரீச்சர் இருக்கிறாரா, பெண்பிள்ளைகள் நடந்து போகலாமா என்று ஸஹ்றா ஒவ்வொன்றாகக் கேட்டாள். கணக்கு ரீச்சர் இல்லை என்று அனோஜா சொன்னது மட்டும் மஹ்றூப்புக்குத் தெளிவாகக் கேட்டது. இதோடு சரி, அவள் வரமாட்டாள் என்று நினைத்தான்.

திரும்பி வந்த ஸஹ்றா பாயை விரித்துப் பிள்ளைகளைப் படுக்கவைத்தாள். பிறகு சொன்னாள்.

"இங்க எங்களுக்கு ஆர் இருக்காங்க எண்டுதான் எனக்குப் பயமா இருந்திச்சு. கடையெல்லாம் பிறகு. அதை நான் உங்களிட்டச் சொல்லல்ல." இளையவளுக்குப் போர்வையை இழுத்துவிட்டாள். "கபீலுக்கு இல்லையெண்டு சொல்லுங்க. கணக்கு ரீச்சர் இல்லையாம். அதுக்கு வவுனியாவில டியூஷன் பாக்கலாம்."

மஹ்றூப் ஓம் என்றான். வெளியே வந்து கடைப் படியில் இருந்துகொண்டு, அரபியில் கபீலுக்குக் குரல் செய்தி போட்டான். மூன்று தரம் பேசி அழித்து, நாலாம் தரம்தான் அனுப்பினான். மன்னிக்கவேண்டும், வர முடியாது, குடும்பத்தோடு இருக்கப்போகிறேன் என்று. யார் அதிகச் சம்பளம் தருகிறான் என்று கபீல் திருப்பிக் கேட்டார். ஒருவரும் இல்லை என்றான். அவர் அதை நம்பவில்லை.

ஸஹ்றா விடுமுறை முடியுமட்டும் நின்றாள். ஒன்பது நாள் டயர்க் கடை முன்றலிலேயே பொரித்தார்கள். ஒரு நாளைக்குப் பதினெட்டு, இருபது போனது. தங்கராசாவுக்கு மூன்றாம் தண்ணி வார்த்த மறுநாள் மெசின் பழைய இடத்துக்கு வந்தது. பேச்சியம்மாவும் வேலைக்கு வந்தாள். வந்ததும் ஸஹ்றா பிரட்டி வைத்த தட்டைப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் வைக்கணும் என்றாள். ஸஹ்றா வைத்தாள்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று காலை, தை மாதச் சேர்க்கைக்குப் பெயர் கொடுக்க, செட்டிகுளத்தில் அதிபரின் அறைக்கு வெளியே போட்டிருந்த நீள மர வாங்கில் மஹ்றூப் இருந்தான். மடியில் இரண்டு பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் புத்தளம் பள்ளிக்கூடத்து விடுகைப் பத்திர விண்ணப்பமும். அவனுக்கு முன்னால் ஏழு பேர் இருந்தார்கள். போனில் கபீலின் செய்தி வந்தது. வேறு ஆள் எடுத்துவிட்டாராம், வங்காளதேசத்துப் பொடியனாம். மஹ்றூப் அதை வாசித்துவிட்டுப் போனைச் சட்டைப் பையில் போட்டான். உள்ளேயிருந்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். வாங்கில் எல்லோரும் ஒரு இடம் நகர்ந்து இருந்தார்கள்.